கூட இருக்கிறவர்களின் மடல்

பெருமதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், வணக்கம்.

இதைத் திங்கள்கிழமை மனுவாகவே கொடுத்திருக்கலாம். முடியவில்லை. மனு என்றால் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுத வேண்டும். என் தம்பி தற்கொலைக்கு முயன்று பிழைத்து வந்ததை ஊரில் மஞ்சள்காமாலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். தவிர, முக்கூடல் பக்கத்திலிருந்து கொக்கிரகுளத்தில் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, வரிசையில் நின்று, திரும்பிப் போக ஒரு பகல் போய்விடும். அதுவரை அவனை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

குறைதீர்க்கும் நாளில் உங்கள் அலுவலக வாசலில் போலீஸார் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். யாரும் அங்கே தீக்குளித்துவிடக் கூடாது என்றுதான், அது இந்த மாவட்டத்துக்கே தெரியும். அந்தச் சோதனையை எங்கள் வீட்டில் ஏழு மாதமாக அம்மா தினமும் செய்கிறாள். மாத்திரை டப்பா பீரோவுக்குள், பீரோ சாவி அவள் முந்தானை முடிச்சில். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியாகிவிட்டது. ராத்திரி இரண்டு மணி வரை நான் தார்சாவில் முழித்திருப்பேன், அப்புறம் அம்மா முறை.

அம்மா பீடி சுற்றுகிறவள். முன்பு ஒரு நாளைக்கு 700 பீடி சர்வசாதாரணம். இப்போது 400 தேறினால் பெரிது. உள்ளே ஒரு பாத்திரம் உருண்டால் சொளவைத் தள்ளிவிட்டு ஓடுகிறாள். அவன் ஐந்து நிமிஷம் சத்தம் காட்டாவிட்டாலும் ஓடுகிறாள். "சத்தம் கேட்டாலும் பயம், கேக்காட்டாலும் பயம்" என்பாள். அவனுக்கும் இது பிடிக்கவில்லை. "என்னய ஜெயில்லயா போட்டிருக்கிய?" என்று ஒருநாள் கத்திவிட்டான். அவன் கேட்டது நியாயம்தான். எத்தனை நாள் இப்படிக் காவல் இருக்க வேண்டும், எப்போது தளர்த்தலாம், எதைக் கண்டால் உடனே கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆஸ்பத்திரியில் "கூட இருக்கிறது யாரு?" என்று நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட்டார்கள். மருந்து வாங்க, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, கையெழுத்துப் போட. டிஸ்சார்ஜ் அன்று, "பத்திரமா பாத்துக்கிடுங்க" என்றார்கள். அதோடு சரி. அங்கே நர்சுகள் ராப்பகலாக ஓடியதையும் பார்த்தவள் நான், அவர்களைக் குறை சொல்லவில்லை.

எனக்கு அவன்மேல் கோபம் இருக்கிறது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருக்கிறது. சித்திரையில் கோயில் கொடைக்கு ஊரே விருந்தாட்களால் நிறைந்திருந்தபோது எங்கள் வீட்டுக் கதவு மட்டும் சாத்திக் கிடந்தது. எனக்கு வந்த ஒரு சம்பந்தத்தைக் காரணம் சொல்லாமல் தட்டிக் கழித்தோம். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? ஒருநாள் நடுராத்திரி புறவாசலில் நின்று 14416-க்குப் போன் செய்தேன். டெலிமனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றும் இல்லை. எடுத்த பெண் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த எண்ணை அச்சடித்துக் கொடுத்திருந்தால் முதல் வாரமே கூப்பிட்டிருப்பேன். ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதுமே.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்காமல் விடச் சொல்கிறது. மறுபடி நேராமல் இருக்க அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைத்தான் அம்மாவும் நானும் ஷிப்டு போட்டுச் செய்துகொண்டிருக்கிறோம்.

இதற்குப் பெரிய கட்டடம் ஒன்றும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2008-ல் வெளிவந்தது. சென்னையும் அதில் உண்டு. முயன்று பிழைத்த 1,867 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேரிடம் ஆஸ்பத்திரியிலேயே சுமார் ஒரு மணி நேரம் பேசினார்கள், அப்புறம் 18 மாதத்தில் 9 தடவை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஒன்பதே ஒன்பது விசாரிப்பு! அந்த ஒன்பதிலும் கூட இருக்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

யாரை அனுப்புவது என்று யோசிக்க வேண்டாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அக்கா போன மாதம் அளந்து பார்த்துவிட்டு, "ரொம்ப ஏறியிருக்கே, உப்பக் குறைங்கம்மா" என்றாள். அம்மா தலையாட்டினாள். உள் அறையில் தம்பி படுத்திருந்தான். அந்த அக்காவுக்கு இரண்டு நாள் பயிற்சியும், கேட்டதை வெளியில் சொல்லாமலிருக்க ஓர் உத்தரவும் கொடுங்கள்.

இந்த மடலில் முகவரி இல்லை, மன்னிக்கவும். மாத்திரை கொண்டுவரும் அந்த அக்காவுக்கு எங்கள் வீடு தெரியும்.

இப்படிக்கு,
ஓர் அக்கா