கடலில் மூழ்கியவரின் தொண்டையும் அந்தக் கணினிக்குத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூச்சுக்குழாயில் ட்யூப் போட செயற்கை நுண்ணறிவு வழிகாட்டுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராமநாதபுரம் கடலோர அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எழுதத் தோன்றியது.

வாய் வழியாக உள்ளே விட்டுத் தொண்டையைப் பார்க்கும் கருவியான வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் கேமரா காட்டும் படத்தில், குரல்நாண்கள் எங்கே, அவற்றுக்கு நடுவிலுள்ள திறப்பு எங்கே என்று கணினி அடையாளம் போட்டுக் காட்டுகிறது. தினமும் ட்யூப் போடும் மயக்க மருந்து டாக்டரைவிட, ராத்திரி டியூட்டியில் தனியாக நிற்கும் இளம் டாக்டருக்குத்தான் இது தேவை. கட்டுவிரியன் கடித்தவருக்குக் கண் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு ஓய்ந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் அப்படியே மதுரைக்கு அனுப்ப முடியுமா? ராமநாதபுரத்திலிருந்தே மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். ராமேஸ்வரம் தீவு என்றால் இன்னும் 50 கூட்டிக்கொள்ளுங்கள். ட்யூப் போட்ட பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

என் கவலை வேறு. இந்த மென்பொருள்கள் பார்த்துப் பழகுவது பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில் வெறும் வயிற்றோடு படுத்திருப்பவர்களின் தொண்டையை. தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் கடலில் மூழ்கியவரைத் தூக்கிவந்தால், வாயைத் திறந்ததும் நுரைதான். வெள்ளையாக, சில சமயம் இளஞ்சிவப்பாக. சக்‌ஷனில் இழுக்க இழுக்க அடியிலிருந்து பொங்கும். கூடவே மணலும் வாந்தியும். கேமராக் கண்ணாடியே மங்கிவிடும். அப்புறம், வருஷக்கணக்காகப் பாக்கு மென்று வாய் இறுகிப்போனவர்கள். இரண்டு விரல்கூட நுழையாது. இப்படிப்பட்ட தொண்டைகளையே பார்த்திராத கணினி, உணவுக்குழாயைக் காட்டி இதுதான் வழி என்றால் என்ன செய்வது? பிராணவாயு இல்லாமல் மூளை சில நிமிடங்கள்தான் தாங்கும்.

அதனால், இதைச் சோதித்துப் பார்க்கும் இடங்களில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் சேர்க்க வேண்டும். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி, எங்கள் கரை நோயாளிகளின் தொண்டைப் படங்களும் கணினி பழகும் படங்களோடு சேர வேண்டும்.

இன்னொன்று. ட்யூப் சரியான இடத்துக்குப் போய்விட்டதா என்று உறுதிசெய்வது வெளிமூச்சிலுள்ள கரியமில வாயுவை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த அலையைப் பார்க்காமல் நம்பக் கூடாது. கேப்னோகிராஃப் இல்லாத தாலுகா மருத்துவமனைக்கு முதலில் அதை வாங்கிக் கொடுங்கள். புதுத் திரை அதற்குப் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
மண்டபம்.