பாப்பாவுக்கு, பறவைகள் ஊர் திரும்புகிற மாதத்தில்

பாப்பா,

போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி. பாதியில் மூடி வைத்துவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று விட்டுவிடாதே.

நீ போட்ட ஆறுமணிக் குருவி வீடியோவைப் பார்த்தேன். அம்மா சித்தப்பாவுக்கும் அனுப்பினாள். அந்தப் பச்சை முதுகு, கண்ணை ஒட்டி ஓடுகிற கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் இருக்கிற சிவப்பு, இவ்வளவு தெளிவாக நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் பெண் எடுத்தது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டினேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடவிட்டேன். அதில் இரண்டு குரல் கேட்கிறது. குருவி தலையைப் பின்னால் சாய்த்துக் கூப்பிடுகிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது, அது அந்தப் பக்கம் திரும்பினால் சத்தம் தேய்கிறது. இன்னொரு குரல் மட்டும் அச்சு மாறாமல், ஒரே இடத்திலிருந்து, ஒரே இடைவெளி விட்டு வருகிறது. உன் கைக்குப் பக்கத்திலிருந்து வருகிறது.

கூட வந்த யாராவது பதிவு செய்த குருவிக் குரலைப் போனில் ஓட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்த பறவைகளைப் பதிகிற அந்த இபேர்ட் இணையதளத்தில் அன்றைக்கு நீ போட்ட பட்டியலைப் போய்ப் பார்த்தேன். பார்த்தவர் எண்ணிக்கை 1 என்று இருக்கிறது.

ஆமாம், உன் பட்டியல்களை எல்லாம் நான் பார்க்கிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். தேதி, ஆரம்பித்த நேரம், எத்தனை நிமிஷம், எத்தனை கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். முதலில் குருவி.

அந்தக் குருவிக்கு உன் போன் இன்னொரு குருவி. தன் இடத்தைப் பிடிக்க ஒருத்தன் வந்துவிட்டான் என்றுதான் அது புதரை விட்டு வெளியே வருகிறது. உன்னைப் பார்க்க வரவில்லை, சண்டைக்கு வருகிறது. சண்டை போட ஆளைத் தேடுகிறது, ஆள் இல்லை, குரல் மட்டும் விடாமல் வருகிறது. இலைச்சருகைக் கிளறிப் புழு தின்ன வேண்டிய நேரம் அத்தனையும் இதில் போய்விடுகிறது. எந்த மாசமாக இருந்தாலும் இது தப்புதான், ஆனால் இப்போது பெரிய தப்பு. பனிக்காலம் முழுக்கத் தெற்கே இருந்துவிட்டு, நடு இந்தியக் காடுகளுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் கூடு கட்டப் போகிற பறவை அது. ராத்திரியில் பறந்து போக வேண்டும். அதற்கான கொழுப்பை இந்த நாட்களில்தான் உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வெகுதூரம் போகிற சில சின்னப் பறவைகள் கிளம்புவதற்குள் தங்கள் எடையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிக்கொள்ளும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அப்படியானால் அரை மணி நேரம் தின்னவிடாமல் அடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்றும் உனக்குத் தெரியும்தானே.

திட்டுவதற்காக எழுதவில்லை. தெரியாதவர்கள் செய்தால் எனக்குக் கோபம்கூட வராது. நீ யார் என்று எனக்குத் தெரியும். வீட்டுப் பின்பக்கம் தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியபோது, அந்தப் பக்கத்து ஜன்னலை யாரும் திறக்கக்கூடாது என்று தாளில் எழுதி ஒட்டினவள் நீ. வெயில் காலம், புழுக்கம் தாங்காது, அண்ணன் சண்டை போட்டான், நீ அசையவே இல்லை. குஞ்சுகள் பறந்த பிறகுதான் ஜன்னல் திறந்தது. ஆந்தை எந்த மரத்தில் இருக்கிறது என்று சொல்லு சொல்லு என்று அந்தப் பெரிய கேமராக்காரர் உன் பின்னாலேயே வந்தாரே, "இருட்டில் ஃபிளாஷ் அடிப்பீர்கள், சொல்ல மாட்டேன்" என்று நீ அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு உன்னை நினைத்து எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. இபேர்டே ஆபத்தில் இருக்கிற சில பறவைகளின் இடத்தை மறைத்து வைக்கிறது, ஏன் மறைக்கிறது என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் விளக்கினவள் நீ. அதனால்தான் கேட்கிறேன், இப்போது என்ன ஆயிற்று?

நீ போட்ட அந்த ஆள்காட்டிக் குருவி முட்டைப் படமும் அப்படித்தான். நான்கு முட்டை, சரளைக் கல்லுக்கு நடுவில் கல்லோடு கல்லாக, மேலிருந்து நேராக எடுத்திருக்கிறாய். படத்தின் ஓரத்தில் உன் தொப்பியின் நிழல் விழுந்திருக்கிறது. ரொம்பக் குட்டையான நிழல். அப்படியென்றால் வெயில் உச்சியில் இருந்த நேரம். அந்த நேரத்தில் ஆள்காட்டி முட்டையைச் சூடாக்குவதற்கா உட்கார்ந்திருக்கும்? வெயில் படாமல் மறைப்பதற்கு அல்லவா. பக்கத்தில் தண்ணீர் கிடைத்தால் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், அவ்வளவு பாடுபடுகிற பறவை. நீ கிட்டே போனதும் எழுந்து கத்திக்கொண்டு தலைக்கு மேலே வட்டமடித்திருக்கும். நீ நிற்கிற வரைக்கும் அது திரும்ப வந்து உட்காராது. முட்டை வெயிலில் கிடக்கும். அது கத்துகிற சத்தத்தில் காக்கைக்கும் இடம் தெரிந்துவிடும், நீ நடந்த வழியை மோப்பம் பிடித்து நாயோ கீரியோ பின்னால் வரும். இதெல்லாம் நான் புதுசாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்பதற்கு எழுதியிருக்கிற விளக்கத்தைப் படித்தேன். காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதில் வருகிறது. துப்பாக்கி வேண்டியதில்லை, கண்ணி வேண்டியதில்லை. அதைப் படித்த பிறகு அந்தப் படத்தை என்னால் யாரிடமும் காட்ட முடியவில்லை. அதை நீக்கிவிடும்மா. யாராவது கேட்டால் ஏன் நீக்கினாய் என்று சொல்லு, நான்கு பேர் தெரிந்துகொள்ளட்டும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டி வலி பரவாயில்லை. அண்ணன் வந்துவிட்டுப் போனான், உன்னைக் கேட்டான். வேறு விசேஷம் இல்லை.

தூரமாக நில் பாப்பா. இதைத்தான் சொல்ல வந்தேன், எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. சதுப்பில் உள்ளான் கூட்டம் மேய்கிற இடத்தில் நீ எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை உள்ளானே சொல்லும். தலையைக் குனிந்து சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது நிமிர்ந்து பார்த்தால், ஒன்று பார்த்து அடுத்ததும் பார்த்தால், அங்கேயே நின்றுவிடு. கழுத்தை நீட்டினால் நீ ஏற்கெனவே அதிகம் போய்விட்டாய், பின்னால் வா. எழுந்து பறந்துவிட்டால் அந்தப் படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் எனக்கு அனுப்பாதே. கொசு உள்ளான் சுமார் 30 கிராம் இருக்கும், சைபீரியாவின் வடகோடிக்கு, ஆர்க்டிக் ஓரத்துக்குப் போய் முட்டையிட வேண்டும். அது பதறி எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதற்குச் செலவழிக்கிற சக்தி, வழியில் எங்கேயோ அதற்குக் குறையும். அலை ஏறும் நேரத்தில் எல்லாம் ஒரே திட்டில் ஒற்றைக் காலில் ஒடுங்கி நிற்குமே, அப்போது கிட்டே போகவே போகாதே. கூட்டமாகப் பறந்தால் படம் நன்றாக வரும் என்று கைதட்டி எழுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேராதே. நல்லவேளை, தனியாகத்தான் போகிறாய் போலிருக்கிறது. நல்லவேளை என்று எழுதிவிட்டேன், அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. தனியாகப் போனால் எங்கே போகிறாய் என்று ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டுப் போ. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள். சதுப்பில் கால் வைக்குமுன் கம்பால் குத்திப் பார்.

சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டி இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை, தெரியும்தானே. கண்மாயில் இருக்கிற பறவைகள் மிரளக்கூடாது என்று ஒரு ஊரே சேர்ந்து விட்டுக்கொடுக்கிறது. குழந்தைகள்கூட. அவர்களில் எத்தனை பேரிடம் கேமரா இருக்கும்? உன் வயசில் பறவை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வாழ்நாள் பட்டியலில் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று ஓடுகிறார்கள். நீ அந்த ஓட்டத்தில் இல்லாததால்தான் உன்னை எல்லோரும் மதித்தார்கள். இந்தப் பங்குனி பிறந்ததிலிருந்து உன் பட்டியல்கள் எல்லாம் நீளமாகிவிட்டன, நேரமும் நீளமாகிவிட்டது. பழைய பட்டியல்களில் குறிப்புப் பகுதியில் எவ்வளவு எழுதுவாய். சூறைக்குருவிகள் கிளம்புவதற்கு முன்னால் ரோஜா நிறம் அடர்ந்து, கொண்டை கறுத்துப் பளபளக்கிறது என்று எழுதியிருந்தாய், அதை வாசித்துவிட்டுத்தான் அடுத்த நாள் நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இப்போது வெறும் எண்கள் மட்டும்.

சரி, அப்புறம் எழுதுகிறேன் என்று சொன்னதை எழுதிவிடுகிறேன். அந்த ஆறுமணிக் குருவி வீடியோ எடுத்தது செவ்வாய்க்கிழமை. முட்டைப் படம் வியாழக்கிழமை உச்சி வேளை. அதற்கு முந்தின வாரமும் திங்கள், புதன். முன்பெல்லாம் சனி ஞாயிறு விடியற்காலையில் மட்டும்தான் உன் பட்டியல் வரும், எட்டரை மணிக்குள் முடிந்துவிடும். இப்போது காலை ஒன்பதே முக்காலுக்கு ஆரம்பித்து மத்தியானம் வரை போகிறது. லீவு போட்டிருக்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளாகக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை பாப்பா. கேட்கப்போவதும் இல்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவையைப் பற்றிச் செய்தி ஒன்று அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? 2022-இல் அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில் போய் இறங்கியது, 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவில் எங்கேயும் இறங்காமல். பிறந்து ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது. நீ அந்தத் தூரத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டாய். பெரிய பறவைகள் முன்னாடியே கிளம்பிவிடும், குஞ்சுகள் பிறகு தாங்களாகப் போகும் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன், பறவைக்கு அப்படித்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளும் தூங்கவில்லை.

பறவை பார்க்கப் போவதை நிறுத்தாதே. வேலை நாளோ, லீவு நாளோ, போ. மனசு சரியில்லாத நேரத்தில் அதைவிட நல்ல இடம் உனக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும். போனை பைக்குள் வைத்துவிட்டு, சத்தம் எதுவும் ஓடவிடாமல் உட்கார். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அந்தக் குருவி எங்கே என்று யார் கேட்டாலும் கிளம்பிப் போகிற வரைக்கும் சொல்லாதே, வீடியோவில் இடத்தின் பெயரையும் எடுத்துவிடு. ஆள்காட்டி முட்டை என்ன ஆயிற்று என்று பார்க்க மறுபடி போகாதே. தோன்றும், எனக்கே தோன்றுகிறது. தூரத்திலிருந்து பைனாகுலரில் பார், தலை தெரிந்தால் போதும், வந்துவிடு. குறிப்புப் பகுதியில் ஏதாவது எழுது. இரண்டு வரி போதும், நான் வாசிப்பேன்.

உன் பேங்க் கணக்கு பழையதுதானே? மாறியிருந்தால் நம்பரை எனக்கு மட்டும் அனுப்பு. இந்த மாசம் கொஞ்சம் போடுகிறேன், லென்ஸுக்கு என்று வைத்துக்கொள், எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அப்பா