மடிக்கணினி தயாரிப்பாளர்களுக்கு: அந்த மூன்று வரிகளை எழுதிக் கொடுங்கள்

மடிக்கணினி தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அங்கே பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவருக்கு வேகமான எஸ்எஸ்டியும் போதுமான ரேமும் இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. நன்றாக ஓடும் கணினியைக் குப்பையில் போட மனமில்லாதவர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள முடிவு செய்கிறார். பென் டிரைவில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றை எழுதி, பூட் செய்து, நிறுவியைத் திறக்கிறார். அங்கே வட்டே தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றை இன்டெல் ஆர்எஸ்டி என்ற வட்டு மேலாண்மை முறையில், அதாவது பயாஸில் "ரெய்டு" என்று குறிக்கப்பட்ட நிலையில் விற்றீர்கள். அந்த முறையில் என்விஎம்இ வகை வேகமான எஸ்எஸ்டி வட்டு தன் சொந்த முகவரியில் தோன்றாமல் சாட்டா என்ற பழைய வகை வட்டுக் கட்டுப்படுத்திக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைக் கண்டுபிடித்து, ஒரு என்விஎம்இ வட்டு திசைமாற்றப்பட்டிருக்கிறது, பயாஸில் ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றுங்கள் என்று தன் பதிவேட்டில் எழுதியும் வைக்கிறது. முதல்முறை லினக்ஸ் போடுகிறவர் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பாரா? வட்டு கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்.

இரண்டு வட்டுகளை இணைத்து ரெய்டு அமைப்பவருக்கும், ஆப்டேன் நினைவகத்தை வேகத்துக்காகச் சேர்த்தவருக்கும் ஆர்எஸ்டி தேவை. ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் அதனால் பயனருக்கு ஆதாயம் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட கணினியையும் அந்த முறையில் அனுப்பியது உங்கள் தொழிற்சாலையின் வசதிக்காக இருக்கலாம். அதை வாங்கியவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை மூன்று வரிகளில் அடங்கும். கணினியோடு வரும் தாளிலும், பயாஸின் முதல் பக்கத்திலும் இவற்றை எழுதுங்கள். ஒன்று, வட்டு எந்த முறையில் இருக்கிறது, அதை மாற்றும் இடம் எது. இரண்டு, வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கிறதா. மூன்று, அதன் மீட்புச் சாவி எங்கே போய்ச் சேர்கிறது, அதை எப்படி எடுத்து வைப்பது.

முதல் வரி இல்லாததால் நேரம் வீணாகிறது, அவ்வளவுதான். இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாததால் கோப்புகளே போய்விடுகின்றன. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

நடப்பது இதுதான். புதிய மடிக்கணினிகள் பல, விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் மறையாக்கம் செய்யப்பட்ட வட்டுடன் பயனரின் கைக்கு வருகின்றன. அமைப்புகளில் அதற்குச் "சாதன மறையாக்கம்" என்று பெயர். முதலில் சாவி பூட்டிலேயே தொங்கும். வட்டு மறையாக்கப்பட்டிருக்கும், ஆனால் யாரும் திறக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒருவர் முதன்முறை உள்நுழைந்ததும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது, பாதுகாப்பு முழுமையாக இயங்கத் தொடங்குகிறது. அன்றாடம் கணினியைத் திறப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. டிபிஎம் சில்லு ஒவ்வொரு தடவையும் சாவியைத் தானே கொடுத்துவிடுவதால் எந்தக் கேள்வியும் திரையில் வராது.

பூட் ஆகும் சூழல் மாறாதிருக்கும் வரைதான் டிபிஎம் சாவியைக் கொடுக்கும். லினக்ஸ் போட வந்தவர், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை நிறுத்துகிறார். அல்லது முன்பு சொன்னபடி ரெய்டை ஏஹெச்சிஐ ஆக்குகிறார். அடுத்த தடவை விண்டோஸ் தொடங்கும்போது நீலத் திரை வந்து 48 இலக்கங்களைக் கேட்கிறது. எட்டுக் கட்டங்கள், கட்டத்துக்கு ஆறு இலக்கம். ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதால், தட்டச்சுப் பிழையைத் திரையே காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவு கவனமாக வடிவமைத்த திரை அது. ஆனால் அப்படி ஓர் எண் இருக்கிறது என்பதே அதன் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

சாவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். முதலில் உள்நுழைந்தவரின் கணக்கில் இருக்கிறது. கணினியை அமைத்துக் கொடுத்த உறவினராக இருக்கலாம், விற்றுவிட்டுப் போன முந்தைய உரிமையாளராக இருக்கலாம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் திறந்து, பாஸ்வேர்டு மறந்துபோன மின்னஞ்சலாகவும் இருக்கலாம். சாவி தொலைந்தால் அதை மீட்டுத் தரவோ புதிதாக உருவாக்கித் தரவோ மைக்ரோசாஃப்டின் உதவிப் பிரிவாலும் முடியாது. மறையாக்கம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. திருடனிடமிருந்து காப்பாற்றும் அதே பூட்டு, சொல்லாமல் போட்டதால் உடையவரையே வெளியே நிறுத்திவிடுகிறது. குழந்தையின் படங்கள், ஆய்வேடு, கணக்குப் புத்தகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் திறக்க முடியாமல் கிடக்கின்றன. மறையாக்கம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மடிக்கணினி தொலைகிற பொருள், அதற்குப் பூட்டு அவசியம். சாவியை உடையவர் கையில் கொடுத்துவிட்டுப் பூட்டுங்கள் என்கிறோம்.

நீங்கள் சொல்லாததை இன்று லினக்ஸ் தருகிறவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உபுண்டுவின் நிறுவி ஆர்எஸ்டியைக் கண்டால் நின்று எச்சரிக்கிறது. பிட்லாக்கரைக் கண்டால், விண்டோஸுக்குப் போய் முதலில் அதை அணைத்துவிட்டு வாருங்கள் என்கிறது. ஆனால் பலர் அந்தப் பக்கத்தைக் காண்பதற்கு முன்பே பயாஸில் கை வைத்துவிடுகிறார்கள். பென் டிரைவிலிருந்து பூட் ஆகவில்லையே என்று செக்யூர் பூட்டை நிறுத்துவதுதானே முதல் வேலையாக இருக்கிறது.

நீங்கள் அச்சிட வேண்டிய தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறோம். உங்கள் எழுத்தர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பயாஸைத் தொடுவதற்கு முன் விண்டோஸில் கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பிட்லாக்கரைக் கையாளும் மேனேஜ்-பிடிஇ கட்டளையை ஸ்டேட்டஸ் தேர்வுடன் கொடுக்க வேண்டும். சி வட்டு எத்தனை விழுக்காடு மறையாக்கப்பட்டிருக்கிறது, பாதுகாப்பு இயங்குகிறதா என்பது தெரியும். ஹோம் பதிப்பிலும் இந்தக் கட்டளை வேலை செய்யும். அதே கட்டளையைப் ப்ரொடெக்டர்ஸ், கெட் என்ற தேர்வுகளுடன் சி வட்டுக்குக் கொடுத்தால் 48 இலக்கச் சாவி திரையில் வந்துவிடும். அதைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். அதே வட்டில் கோப்பாகச் சேமிப்பது பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டுவதுதான். சாவியோடு வரும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளையும் சேர்த்து எழுத வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால் எது எதற்கு என்று நீலத் திரையில் ஒப்பிட அதுதான் உதவும்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட நினைப்பவர் சாதன மறையாக்கத்தை அணைத்துவிடுவது நல்லது. அணைத்த உடனே ரீஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. மறையாக்கத்தை நீக்கும் வேலை பின்னணியில் நெடுநேரம் ஓடும். விழுக்காடு பூச்சியத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். மறையாக்கத்தை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வழக்கமாக அந்த நிறுத்தம் ஒரே ஒரு ரீஸ்டார்ட் வரைதான் தாங்கும். ஏஹெச்சிஐக்கு மாற்றும் வேலைக்கு இரண்டு மூன்று ரீஸ்டார்ட் ஆகும். அதனால் மேனேஜ்-பிடிஇ கட்டளையில் ரீஸ்டார்ட் எண்ணிக்கையைப் பூச்சியம் என்று கொடுத்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் நாமே திரும்ப இயக்கும் வரை நின்றிருக்கும்.

பிறகு வட்டின் முறை. பயாஸில் நேரடியாக ஏஹெச்சிஐ ஆக்கினால் விண்டோஸ் தன் வட்டைக் காணாமல் நின்றுவிடும். ஏஹெச்சிஐக்கான இயக்கி (டிரைவர்), விண்டோஸ் தொடக்கத்தில் ஏற்றும் பட்டியலில் இல்லாததே காரணம். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் பூட் பக்கத்துக்குப் போய் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸுக்குள் போகவிடாமல் நேராகப் பயாஸுக்குப் போய் முறையை மாற்ற வேண்டும். சேஃப் மோடில், அதாவது அடிப்படை இயக்கிகளோடு மட்டும், விண்டோஸ் எழுந்து, வேண்டிய இயக்கியைத் தானே சேர்த்துக்கொள்ளும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக்கில் அந்தத் தேர்வை நீக்கினால் முடிந்தது. சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் எண் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் கணக்கின் முழுப் பாஸ்வேர்டும் தெரிந்திருக்க வேண்டும். ஆப்டேன் சேர்க்கப்பட்ட கணினியில் இதற்கெல்லாம் முன்பாக ஆப்டேனை விண்டோஸில் முறையாக நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் முறையை மாற்றினால் வட்டில் உள்ளது சிதைந்துபோக வாய்ப்புண்டு.

விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைக்கச் சொல்லுங்கள். அது இயங்கும்போது ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் உள்ள விண்டோஸ் பார்ட்டிஷனில் (வட்டுப் பகுதியில்) லினக்ஸ் எழுத மறுக்கும், மறுப்பதே சரி. எல்லாம் முடிந்தபின், மறையாக்கத்தை வைத்துக்கொண்டவர் விண்டோஸை லினக்ஸின் கிரப் என்ற தொடக்கப் பட்டியல் வழியாகத் தொடங்கினாலும் மீட்புச் சாவி கேட்கப்படலாம். பயாஸின் பூட் பட்டியலிலிருந்து விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

வட்டு முழுவதையும் அழித்து லினக்ஸ் மட்டும் போடுகிறவருக்கு இதில் பாதி தேவையில்லை. கோப்புகளை வெளி வட்டுக்கு எடுத்துவிட்டு ஏஹெச்சிஐ ஆக்கினால் போதும். ஏற்கெனவே நீலத் திரையில் மாட்டிக்கொண்டவர் பயாஸில் எதை மாற்றினாரோ அதைப் பழையபடி வைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலும் டிபிஎம் சாவியைக் கொடுத்துவிடும். டிபிஎம்மை அழிக்கும் தேர்வை மட்டும் தொடவே கூடாது. சாவி கையில் இருந்து விண்டோஸ் எழவில்லை என்றாலும் வழியுண்டு. 2020இல் வந்த கிரிப்ட்செட்டப் என்ற லினக்ஸ் கருவியின் 2.3 பதிப்பு முதல் பிட்லாக்கர் வட்டை லினக்ஸிலேயே சாவி கொடுத்துத் திறக்க முடிகிறது.

இத்தனையும் ஒரு தாளின் இரு பக்கங்களில் அடங்கும். இதை அச்சிட உங்களுக்கு என்ன தடை? எத்தனையோ மொழிகளில் பாதுகாப்பு எச்சரிக்கைகளை அச்சிடுகிறீர்கள். மின்கலத்தைத் தீயில் போடாதே என்று சொல்ல இடமிருக்கிறது. வட்டு பூட்டப்பட்டிருக்கிறது, சாவியை எழுதி வை என்று சொல்ல மட்டும் இடமில்லையா?

கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. பயாஸ் அப்டேட்டை விண்டோஸில் மட்டும் ஓடும் கோப்பாகவே பலர் கொடுக்கிறீர்கள். லினக்ஸுக்கு மாறியவர், பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டுக்காக விண்டோஸைத் திரும்பப் போட வேண்டுமா? லினக்ஸிலிருந்தே பயாஸை அப்டேட் செய்ய உதவும் எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவியும் அதற்கான எல்விஎஃப்எஸ் சேவையும் வந்து பத்தாண்டு ஆகிறது, உங்களில் சிலர் அதில் ஒழுங்காக அப்டேட் தருகிறீர்கள். மற்றவர்களால் ஏன் முடியவில்லை? சில புதிய மாடல்களில் செக்யூர் பூட் இயங்கும்போது லினக்ஸின் கையொப்பத்தை ஏற்கும் தேர்வை அணைத்தே அனுப்புகிறீர்கள். அது எங்கே இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரிவதில்லை. செக்யூர் பூட்டையே நிறுத்திவிடு என்று மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கும், அதனால் நீலத் திரையில் மாட்டிக்கொள்வதற்கும் இதுவும் ஒரு காரணம். பாதுகாப்புக்காக வைத்த ஒன்றை மக்களே அணைக்கும்படி செய்துவிட்டீர்கள்.

இவற்றைப் பிறகு பேசலாம். இப்போது கேட்பது அந்த மூன்று வரிகளை மட்டும்.

பயாஸ் எழுதுகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பிட்லாக்கர் பார்ட்டிஷனின் தொடக்கத்திலேயே அதற்குரிய அடையாளக் குறி மறைக்கப்படாமல் இருக்கிறது. சாவி இல்லாமலே அதைப் படிக்கலாம். செக்யூர் பூட்டையோ வட்டின் முறையையோ ஒருவர் மாற்றிச் சேமிக்கும்போது, பயாஸ் அந்தக் குறியைப் பார்த்து, "இந்த வட்டு மறையாக்கப்பட்டிருக்கிறது. 48 இலக்க மீட்புச் சாவி உங்களிடம் இருந்தால் மட்டும் தொடருங்கள்" என்று ஒரு பெட்டியைக் காட்டட்டும். டிபிஎம்மை அழிக்கப் போகும்போது எச்சரிக்கை காட்டுகிறீர்களே, அதே போன்ற பெட்டிதான்.

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 2016இல் ஒரு மடிக்கணினி மாடலின் பயாஸில் ஏஹெச்சிஐ தேர்வே இல்லை என்று பயனர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில வாரங்களிலேயே அந்தத் தேர்வைச் சேர்த்த புதிய பயாஸ் வெளிவந்தது. அதற்கு முன் கேட்டவர்களுக்கு முடியாது என்ற பதில்தான் கிடைத்திருந்தது.

அடுத்த மாடலின் தாள் அச்சுக்குப் போகும் முன் அந்த மூன்று வரிகளையும் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே விற்றவற்றுக்கு, ஒவ்வொரு மாடலின் உதவிப் பக்கத்திலும் அவற்றை மேலேயே, தேடாமல் கண்ணில் படும்படி போடுங்கள். பயாஸ் எச்சரிக்கையை அடுத்த அப்டேட்டிலேயே தர முடிந்தால், இப்போது மாறிக்கொண்டிருப்பவர்களின் கோப்புகளாவது தப்பும். தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுகிறவர்களுக்குக் கைகொடுப்போர் சார்பில்