கடற்கரையிலிருந்து நாலாவது தெரு

அமெரிக்காவிலிருந்து தமிழில் பயணக் காணொளி போடும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் அட்லாண்டிக் சிட்டிக்குள்ளேயே பல வருஷமாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யாருடைய அப்பா அம்மா வந்தாலும் நயாகரா, வாஷிங்டன் முடித்துவிட்டு இங்கே கூட்டி வருவார்கள். முன்பெல்லாம் ஒன்றும் தெரியாமல் வந்து, கடலைப் பார்த்து, "நம்ம மெரினா மாதிரி வராது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது உங்கள் காணொளியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். காரை விட்டு இறங்கவே பயப்படுகிறார்கள்.

நீங்கள் போட்டதில் பத்துப் பதினைந்தாவது பார்த்திருப்பேன். முதலில் ட்ரோனில் கடலும் காசினோ விளக்குகளும். அடுத்து ஸ்லாட் மெஷினில் 20 டாலர், அது போனதும் ஒரு உதட்டுப் பிதுக்கல். கடைசியில் காருக்குள் இருந்தபடியே பூட்டிக்கிடக்கும் இரண்டு கட்டடம், பின்னணியில் சோகமாக ஒரு வயலின். தலைப்பு 'பாவ நகரம்' அல்லது 'செத்துப்போன நகரம்'. பன்னிரண்டு நிமிஷத்தில் பாவமும் பண்ணி, செத்தும் போய்விடுகிறது எங்கள் ஊர்.

இது நீங்களாகக் கண்டுபிடித்ததில்லை என்பதும் தெரியும். உங்களுக்கு முன்னால் பெரிய ஆட்களே இப்படித்தான் எடுத்தார்கள். அதற்கும் முன்னால் ஒரு விளையாட்டு அட்டை.

சின்ன வயதில் 'டிரேட்' என்றும் 'பிசினஸ்' என்றும் மும்பை, சென்னையை விலைக்கு வாங்கி விளையாடினோமே, அதற்கு மூலமான மோனோபொலியின் தெருப்பெயர்கள் பெரும்பாலும் இந்த ஊர்த் தெருக்கள். 1904-ல் லிசி மகீ என்ற பெண்மணி, நிலத்தைக் குவித்து வைப்பதன் அநியாயத்தைக் காட்டுவதற்காகக் காப்புரிமை வாங்கிய ஆட்டம் அது. கைமாறிக் கைமாறி இங்கே வந்தபோது, உள்ளூர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் தங்கள் தெருப்பெயர்களை எழுதி விளையாடின. 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் அதை அச்சடித்து உலகத்துக்கே விற்றது.

அந்த விலைகளைப் பாருங்கள். கடலோரப் பலகை நடைபாதையான போர்டுவாக் 400 டாலர். பால்டிக் அவென்யூ 60. கடலிலிருந்து பசிபிக், அட்லாண்டிக், ஆர்க்டிக் என்று எண்ணிக்கொண்டே வந்தால் நாலாவது தெரு பால்டிக். ஓட்டல்களில் சமைத்து, துவைத்து, பெட்டி தூக்கி, பணக்காரர்களை நாற்காலி வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போன கறுப்பின மக்களின் குடியிருப்பு அந்தப் பக்கம்தான். அவர்கள் கடலில் கால் நனைக்க மிசூரி அவென்யூ முனையில் ஒரு துண்டு மணல் ஒதுக்கியிருந்தார்கள். 'சிக்கன் போன் பீச்' என்று அதற்குப் பெயர். இதெல்லாம் தெரியாமலே உலகத்துப் பிள்ளைகள் அந்தத் தெருவை மலிவு என்று மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

அட்டையில் ஒரு எழுத்துப்பிழையும் உண்டு. பக்கத்து ஊரான மார்கேட்டில் இருப்பது மார்வென் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு. அட்டையில் 'மார்வின்' ஆகிவிட்டது. 1972-ல் ஜாக் நிக்கல்சன் நடித்து இங்கே எடுத்த படம் அந்தப் பிழையான பெயரைத் தன் தலைப்பிலேயே வைத்துக்கொண்டது. ஊரைப் பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

'போர்டுவாக் எம்பயர்' தொடரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2010 முதல் 2014 வரை ஓடியது. நானும் ஒரு பகுதி விடாமல் பார்த்தேன், நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் அந்த போர்டுவாக் நியூயார்க்கின் புரூக்ளினில் போட்ட செட். கதாநாயகனுக்கு மூலமான நக்கி ஜான்சன் ஊரையே கைக்குள் வைத்திருந்த அரசியல்வாதி, ஊழல்வாதி, சந்தேகமே இல்லை. 1941-ல் அவரைச் சிறைக்கு அனுப்பியது வருமான வரி வழக்கு. தொடரில் அவர் போர்டுவாக்கில் சுடப்பட்டுச் சாகிறார். நிஜத்தில் 1968 வரை வாழ்ந்து, வயதாகி இறந்தார். வரி வழக்கை வைத்து ஐந்து சீசன் ஓட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர்டுவாக்கில் நின்று "இங்கேதான் சுட்டாங்க" என்று கேமராவுக்குக் கைகாட்டாதீர்கள். உங்களில் ஒருவர் காட்டினார்.

உருப்படியாக ஒரு படம் சொல்ல வேண்டுமானால், லூயி மால் 1980-ல் எடுத்த 'அட்லாண்டிக் சிட்டி'. 1976-ல் மக்கள் வாக்களித்து, 1978 மே மாதம் முதல் காசினோ திறந்து, பழைய ஓட்டல்களை இடித்துக்கொண்டிருந்த நேரம். அந்தத் தூசியிலேயே எடுத்தார். அதிலும் பழைய தாதாவின் பெருமூச்சு உண்டு, போதைப்பொருள் உண்டு. ஆனாலும் சூசன் சரண்டன் சிப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் சீட்டுப் போடும் டீலர் ஆவதற்குப் படிக்கிறாள். காசினோவில் ஆடுகிறவனை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். சீட்டுப் போடக் கற்கும் கையை எடுத்தவர் இவர்தான்.

பொழுதுபோக்கு என்று விட்டாலும் செய்தியும் இதே கதைதான். 2012 அக்டோபரில் சாண்டி புயல். சிதறிக் கிடந்த போர்டுவாக்கைத் திரும்பத் திரும்பத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சென்னையிலிருந்து என் அக்கா போனில் அழுதாள். அது வடகோடியில் இன்லெட் என்ற பகுதிப் பக்கம் ஏற்கனவே இற்றுப்போயிருந்த ஒரு துண்டு. காசினோக்களுக்கு எதிரே உள்ள பாதை அப்படியே நின்றது. அதே இரவில் பின்பக்கத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மெத்தையும் பாத்திரமும் மிதந்தது. அங்கே கேமரா வந்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு குஜராத்தி அக்கா இருக்கிறார், 'பென்' என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருஷத்துக்கு மேல் டீலர். பக்கத்து மாநிலங்களிலும் காசினோ வந்து கூட்டம் கலைந்ததில், 2014-ல் ஒரே வருஷத்தில் இங்கே நாலு காசினோ மூடியது. வேலை போன ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இன்னொரு இடத்தில் சேர்ந்தார். டீலர்கள் மேசையை விட்டு எழும்போது இரண்டு கையையும் ஒரு தட்டுத் தட்டி, விரித்து, புறங்கையையும் உள்ளங்கையையும் காட்ட வேண்டும். எதையும் எடுக்கவில்லை என்று மேலே உள்ள கேமராவுக்குக் காட்டுவது அது. பென் எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டு எழும்போதும் அப்படித் தட்டி விரிப்பார். தனக்கே தெரியாது.

சோக வயலினைப் போடுவதற்கு முன்னால் பசிபிக் அவென்யூவில் ஒரு ஜிட்னி ஏறுங்கள். 1915-லிருந்து ஓடும் சின்ன பஸ். நள்ளிரவில் வேலை மாறும் நேரத்தில் ஏறினால் வங்காளம், குஜராத்தி, ஸ்பானிஷ், வியட்நாமியம் எல்லாம் ஒரே வண்டியில் தூங்கி வழியும். போர்டுவாக் ஹாலுக்குள் போங்கள். 33,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட ஆர்கன் என்ற இசைக்கருவி அங்கே இருக்கிறது, உலகத்திலேயே பெரியது. 1964 ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது கறுப்பின உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பியில் ஓட்டுரிமை கேட்டதற்காகத் தான் வாங்கிய அடியைச் சொன்னதும் இதே கட்டடத்தில்தான். உங்கள் காணொளி எதிலும் இந்த வாசலைக்கூட நான் பார்த்ததில்லை. பிறகு நடந்தே பால்டிக் வரைக்கும் போய்வாருங்கள். பாழடைந்த வீடும் இருக்கும், காட்டுங்கள், பக்கத்து வீட்டுத் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவரிடம் முதலில் பேசிவிட்டு.

ஒன்று மட்டும். பென்னை நான் கேட்டுப் பார்த்தேன், கேமராவுக்கு முன்னால் வரமாட்டேன் என்கிறார். வேலை நேரம் முழுக்கத் தலைக்கு மேல் கேமராதானாம். டீ வேண்டுமானால் போட்டுத் தருகிறேன் என்றார்.

அன்புடன்,
உங்கள் காணொளிகளை விடாமல் பார்க்கும் ஓர் உள்ளூர்க்காரன்