பத்தரை மணிக்குக் கூப்பிடுகிறேன்

கல்லிடைக்குறிச்சி,
9.2.2025

அன்பு மகள் கோமுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். அவசரம் இல்லாமல் படி.

நேற்று நீ சொன்னது ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. "இனிமே பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஊருக்கு வரணும்னாலே யோசிக்கணும்மா" என்றாய். மெல்பர்னுக்குத் திரும்பிப் போய் இரண்டு வாரம் ஆகியும் இரண்டும் நடுராத்திரி வரை கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருக்கின்றன, காலையில் எழுப்பினால் அழுகை, யாழினி வகுப்பில் மேஜை மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டாள், மாப்பிள்ளைக்கும் வேலை ஓடவில்லை என்றெல்லாம் சொன்னாய். நீயோ ஆறு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவள். மருந்து கொடுக்கிற கை. தூக்கம் கெட்டு நீ அந்த வேலையைப் பார்க்கிறாய் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நீ போனை வைத்த பிறகு அப்பா காலண்டரைக் காட்டினார். ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரிசையாக மணி எழுதி வைத்திருக்கிறார், இங்கே இத்தனை என்றால் அங்கே இத்தனை என்று. பிலாய் ஆலையில் ஷிப்ட் கணக்கு எழுதிய கை அல்லவா. "அங்கே இப்போ கோடை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வச்சிருக்காங்க. நமக்கும் அவங்களுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். நீ விளக்கேத்திட்டு ஏழரைக்குப் பேசுறியே, அங்கே அப்போ ராத்திரி ஒரு மணி" என்றார்.

எனக்கு அது தெரியாது என்று சொல்ல மாட்டேன் கோமு. தெரியும். யோசிக்காமல் இருந்துவிட்டேன். போன அன்று ராத்திரி பிள்ளைகள் தூக்கம் வராமல் அழுகிறார்கள் என்று நீயே போனைப் போட்டுக் கொடுத்தாய். மறுநாளும் அதே நேரம். மூன்றாம் நாள் நானே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தேன். பேரனும் பேத்தியும் போர்வைக்குள் இருந்து முகம் காட்டியதும் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. யாழினி கிணற்றடியைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். கதிர் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைக் கேட்டான், அந்த இருட்டில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஏழரை என்றால் இங்கே அவர்கள் முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாடின நேரம். அந்த நேரத்தை அவர்கள் உடம்பில் தினமும் புதுப்பித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

கதிர் பிறந்தபோது 2019இல் நான் அங்கே வந்து ஒரு வாரம் தூக்கம் இல்லாமல் தவித்தேனே, அப்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள், கிழக்கே வரும்போதுதான் கஷ்டம், நம் உடம்புக்குத் தாமதமாகத் தூங்குவது சுலபம், முன்கூட்டித் தூங்குவதுதான் வராது என்றாய். அந்தக் கணக்குப்படி இவர்களுக்கு ஆறேழு நாளில் சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் காரணம் ஊருக்கு வந்தது இல்லை அம்மா. இந்த ஏழரை மணிப் பேச்சுதான்.

இங்கே வந்த புதிதில் எவ்வளவு எளிதாக இருந்தது, நினைத்துப் பார். மார்கழி. நான்கு மணிக்கு நான் எழுந்திருக்கும்போது யாழினி ஏற்கெனவே பாயில் உட்கார்ந்திருப்பாள். அவள் உடம்புக்கு அது காலை ஒன்பதரை. "ஆச்சி, கோலம் போடப் போவோமா?" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். சாண உருண்டையைத் தொட முதல் நாள் மூக்கைச் சுளித்தாள். நான்காம் நாள் தானே உருட்டி, நடுவில் பூசணிப்பூவைச் செருகி, கோலத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். பூ வைத்த அந்த உருண்டைகளைச் சேர்த்து வரட்டி தட்டினோம். அவள் தட்டியவற்றில் ஐந்து விரலும் பதிந்திருக்கும்.

பிள்ளைகள் பொங்கல் வைக்கிற சிறுவீட்டையும் அவளேதான் கட்டினாள். முற்றத்து மூலையில் மண்ணைக் குழைத்து முழங்கை நீளத்துக்குச் சுவர், அடுக்களை, பட்டாசால், வாசல்படி. "இது ஆச்சி ரூம், இது எங்க ரூம்" என்று பிரித்தாள். டார்நீட்டில் உங்கள் வீட்டில் கார் நிறுத்த இருக்கிற இடம் மாதிரி இங்கேயும் ஒன்று வேண்டும் என்று கதிர் அழுது அடம்பிடித்து, கடைசியில் அதற்கும் ஓர் அறை கட்டினார்கள். தெருவில் எந்தச் சிறுவீட்டிலும் கார் ஷெட் கிடையாது. எனக்கு அதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டு வீட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். சிறுவீட்டுப் பொங்கல் விடுவதற்குள் நீங்கள் கிளம்பும்படி ஆகிவிட்டது. அதுதான் அவளுக்கு ஏக்கம் என்று நினைக்கிறேன். வீட்டைக் கட்டிவிட்டுப் பால் காய்ச்சாமல் போனது மாதிரி.

நீயும் இப்படித்தான் இருந்தாய். உனக்கு மறந்திருக்கும். 1992 கோடை விடுமுறை முடிந்து பிலாய்க்குத் திரும்பினோம். எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய் ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து, நாக்பூரில் மாறி, துர்க்கில் இறங்கும்போது உன் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் தாமிரபரணித் தண்ணீர், அடியில் இரண்டு கூழாங்கல். வழியெல்லாம் மடியை விட்டு இறக்கவில்லை. செக்டர் குவார்ட்டர்ஸில் உன் படிக்கிற மேஜை மேல் அதை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாய். டீச்சர் இந்தியில் கேட்டால் தமிழில் பதில். பத்து நாளில் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. கொசு வரும் என்று நான் உன்னைக் கேட்காமல் கொல்லையில் கொட்டிவிட்டேன். அன்றைக்கு முழுக்க நீ சாப்பிடவில்லை. கொட்டினதில் தப்பில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போய், உன் கையாலேயே ஒரு செடிக்கு ஊற்றச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கூழாங்கல்லையாவது எடுத்து வைத்திருக்கலாம்.

மறுநாள் உன் ஆச்சியிடமிருந்து இன்லண்டு கவர் வந்தது. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடுகிறது, மாமரத்தில் கடைசிக் காயையும் பறித்தாயிற்று, அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நீ அப்போது தெருவில் மற்றப் பிள்ளைகளோடு பிட்டூ விளையாடிக்கொண்டிருந்தாய். ஓடிவந்து இரண்டு தடவை படித்துவிட்டு, அதை மடித்துப் பாவாடையில் செருகிக்கொண்டு திரும்ப விளையாடப் போய்விட்டாய். என் அம்மாவுக்கும் பேத்தியோடு தினம் பேச ஆசை இருந்திருக்கும். வழி இல்லை. தபால் வந்து சேர எடுத்துக்கொண்ட அந்த நாட்களில் உன் மனசும் மெதுவாக வந்து சேர்ந்துவிட்டது. நான் அந்த அவகாசத்தை உன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

கருவேப்பிலை விஷயத்துக்கு வருகிறேன். விமான நிலையத்தில் அதை எடுத்துத் தொட்டியில் போட்டதும் யாழினி அழுதாள், "ஆச்சி குடுத்ததை ஏன்மா சொன்னே?" என்று உன்னோடு சண்டை போட்டாள் என்றாய். நீ படிவத்தில் எழுதிக் கொடுத்ததுதான் சரி. இப்படிப் பச்சை இலையை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தும், ஈரத் துணியில் சுற்றி உன் பெட்டியில் வைத்தது என் தப்பு. அப்பளக் கட்டை விட்டுவிட்டார்களே, அது போதும். ஒன்று செய். யாழினியைக் கடைக்குக் கூட்டிப் போய் அங்கேயே ஒரு கருவேப்பிலைச் செடி வாங்கி, அவளையே தொட்டியில் வைக்கச் சொல். குளிர்காலத்தில் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கதிரைப் பற்றி நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வகுப்பில் "தண்ணி வேணும்" என்று நின்றால் டீச்சருக்கு எப்படிப் புரியும். தண்ணீர், பாத்ரூம், வயிறு வலி, இந்த மூன்றுக்கும் இங்கிலீஷில் சொல்லச் சொல்லி இரண்டு நாள் பழக்கு. மற்றது தானாக வரும். உனக்கு இந்தி இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது. ஆனால் அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதே. ஐந்து வாரத்தில் அவன் "நேத்து நான் ஆத்துல குளிச்சேன்ல" என்று கோவையாகப் பேச ஆரம்பித்திருக்கிறான். நீ இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டும் வராதது அது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் தமிழைப் பாடமாக எடுக்கலாம் என்று நீதானே சொன்னாய். அதற்கு வேர் இங்கே முற்றத்தில்தான் பிடிக்கும்.

அதனால் வராமல் இருந்துவிடாதே அம்மா. டிசம்பரில் நாலு டிக்கெட் என்ன விலை என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் வா என்று கேட்கவில்லை. கையில் பணம் இல்லை, லீவு இல்லை என்று சொல், அப்பாவும் நானும் புரிந்துகொள்வோம். பிள்ளைகள் அழுகிறார்கள் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதே. இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஜனவரி 18ஆம் தேதியே கிளம்புவதாக இருந்தீர்கள். இன்னும் ஒரு வாரம் என்று 25 வரை இழுத்தவள் நான். போய் இறங்கின அந்த வாரமே பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அடுத்த முறை பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே உங்களை வண்டி ஏற்றிவிடுவேன். மதுரை வரை நானே வருகிறேன், அழ மாட்டேன்.

சரி, இப்போதைக்குச் செய்ய வேண்டியது. ராத்திரி எட்டு மணிக்கு மேலும் அங்கே வெயில் அடிக்கும், நான் பார்த்திருக்கிறேனே. ஏழு மணிக்கே திரையை இழுத்துவிடு. காலையில் எழுந்ததும் இரண்டு பேரையும் வெளிச்சத்தில் கொஞ்சம் நடக்க விடு. பள்ளி விட்டு வந்து தூங்கினால் எழுப்பிவிடு, பாவம் பார்க்காதே. ராத்திரி போன் வேண்டாம். நீ போட்டுக் கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிடு.

நாளை மறுநாள் செவ்வாய், தைப்பூசம். அன்றைக்குச் சிறுவீட்டுப் பொங்கல் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். இங்கே பத்தரை மணிக்கு எமகண்டம் முடிகிறது. அங்கே அப்போது நான்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு நான் கூப்பிடுகிறேன். இனி எப்போதும் அந்த நேரம்தான். யாழினி வாங்கி வைத்த சின்னப் பானையில்தான் பொங்கல். பொங்கும்போது இரண்டு பேரும் குலவையிடட்டும். பேசி முடித்ததும் சன்ஷைன் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போய் வாருங்கள், அங்கேயும் அன்றைக்குத் தைப்பூசம்தானே. வரட்டிகளை நான் சாயங்காலம் ஆற்றுக்குக் கொண்டுபோய்ச் சூடம் ஏற்றி விடுவேன். அப்போது அங்கே நடுராத்திரி ஆகிவிடும். அதை அப்பா வீடியோ எடுத்து வைப்பார், மறுநாள் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

யாழினியிடம் சொல்: போன வாரம் தூறலில் அடுக்களைச் சுவர் கொஞ்சம் கரைந்தது, நான் மண் வைத்துப் பூசிவிட்டேன். கார் ஷெட் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
அம்மா