தோட்டப்புறச் சாலைகள்: சுங்கை சிப்புட்டுக்கு மாற்றலாகி வரும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டின் மாவட்ட அலுவலகத்திலும் பொதுப்பணித் துறையிலும் பொறுப்பேற்க வரும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

எத்தனை கிலோமீட்டர் தார் போட்டீர்கள் என்றுதான் மேலிடம் உங்களைக் கேட்கும். தோட்டப்புறத்தில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே சாலை கெடுவதற்கு முதல் காரணம் நிலப்பட்டா, அடுத்தது தண்ணீர். இரண்டையும் விட்டுவிட்டுப் போடும் தார் வீண் செலவு.

அன்றைய துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் கிராம மேம்பாட்டை நடத்திய காலத்தில், மாவட்டந்தோறும் சிவப்புப் புத்தகம் வைத்து, சாலையும் பாலமும் எங்கே வேண்டும் என்று வரைபடத்தில் குறித்தார்கள். அருமையான முறை. ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்பதால், தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் போகும் வழி பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றுவிட்டது. அந்த நாளில்தான் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன், பொதுப்பணி அமைச்சராக இருந்துகொண்டே 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சாலைகளைக் கவனித்த அமைச்சரே தொழிலாளிக்கு நிலம் வாங்கும் வேலையில் இறங்கியதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வந்ததும் முதல் வேலையாக, ஒவ்வொரு சாலையும் யார் பட்டாவுக்குள் கிடக்கிறது என்று நில அலுவலகத்தில் பாருங்கள். தனியார் பட்டாவுக்குள் இருந்தால் அளவை வரைபடம் எடுத்து, கம்பெனியிடம் அந்தத் துண்டை மட்டும் ஒப்படைக்கக் கேளுங்கள். மாநில அரசு ஒப்புதல் தந்து, அரசிதழில் சாலை ஒதுக்கீடாக அறிவித்த பிறகு நாட்டின் சாலைகளைப் பதிந்துவைக்கும் மாரிஸ் (MARRIS) பதிவேட்டில் ஏற்றுங்கள். அதில் ஏறாத சாலைக்குக் கூட்டரசின் பராமரிப்பு மானியம் வராது. பாதியில் விட்டால், தோட்டம் கைமாறும் நாளில் புது முதலாளி கேட் போட்டுவிடுவார். பள்ளி பஸ் வெளியே நின்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். செம்மண் சாலையின் நடுப்பகுதி உயர்ந்திருக்க வேண்டும். 4 மீட்டர் அகலச் சாலையில் நடு, ஓரத்தைவிட 10 சென்டிமீட்டராவது மேலே நிற்கட்டும். மண்ணைச் சீவிச் சமன்செய்யும் கிரேடரை ஓட்டுகிறவர் ஓரத்து மண்ணை நடுவுக்கு இழுக்காமல் வெளியே தள்ளினால் ஓரம் வரப்பாகி, சாலையே வாய்க்காலாகிவிடும். அடிக்கடி நடக்கும் தவறு இது. மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ரோலர் விடுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் படக்கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், ஒட்டினால் காயவிடுங்கள்.

சாலைக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாயில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். 300 மில்லிமீட்டர் குழாய் செம்பனை மட்டையிலேயே அடைத்துக்கொள்ளும். 600-க்குக் குறையாமல் போடுங்கள், உள்ளே மண் தங்காதபடி சரிவு கொடுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும் இடத்தில் குழாய்மேல் 60 சென்டிமீட்டர் மண் இருக்கட்டும். குழாயிலிருந்து தண்ணீர் விழும் முனையில் கல் பதிக்காவிட்டால் அடியில் அரித்து, ஒருநாள் சாலையின் பாதி ஓடைக்குள் போய்விடும். சாலைமேல் கவிந்த மட்டைகளையும் வெட்டச் சொல்லுங்கள். வெயில் படாத செம்மண் காயவே காயாது.

லோரியின் பாரத்தையும் கவனியுங்கள். அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. பொருளாதார மேம்பாட்டுக்கும் நல்ல சாலைதான் அடிப்படை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி, தரம் இறங்கும். லோரி சேற்றில் சிக்கினால் நட்டம் சிறுதோட்டக்காரருக்குத்தான்.

நீங்கள் மாற்றலாகிப் போகும்போது, அடுத்து வருபவர் கையில் ஒரு கோப்பு கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்தச் சாலையின் ஒப்படைப்பு எந்த மேசையில் நிற்கிறது, எந்தக் குழாய் என்ன விட்டம், கடைசியாக எப்போது தூர்வாரியது. அக்டோபர் மழைக்கு முன்னால் அது அவர் கைக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புற மக்கள்