ஐவிங்கோ குன்றில் உதவிய பெரியவருக்கு

சென்ற ஞாயிறு, லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் மலைத்தொடரின் ஐவிங்கோ பீக்கன் குன்றில், நீல மழைச்சட்டையோடு வந்த பெரியவருக்கு நன்றி. பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

3 மாதம் பால்சா மரத்தில் இழைத்து இழைத்துச் செய்த ரேடியோ கிளைடர், அதாவது தரையில் நின்றபடி ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம். வீச ஓங்கிய கையைத் தடுத்து, இறக்கைக்கு அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்கிப் பார்த்தார்; வால் தொங்கியது. மூக்கில் ஈயத் துண்டுகளைத் திணித்து எடைமையத்தை முன்னே கொண்டுவந்தார். பிறகு கட்டுப்பாட்டுக் குச்சியை வலப்பக்கம் தள்ளச் சொன்னார். வலது எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல், மேலே எழ வேண்டும். என்னுடையது கீழே இறங்கியது! இத்தனை நாளும் என் கண்ணில் படவில்லையே, அதுதான் வெட்கம். டிரான்ஸ்மிட்டரில் திசையை மாற்றியதும் சரியாயிற்று.

சரிவில் மோதி மேலெழும் காற்றிலேயே, மோட்டார் இல்லாமல் 11 நிமிடம் மிதந்தது. இறங்கியது முட்புதரில். அதற்கு அவர் பொறுப்பல்ல.